ஓடுபாதை ஓரத்து ஊர்கள் – 9: லண்டனுக்கு எத்தனை நிறுத்தம்?

கோவிலம்பாக்கம் சந்திப்பிலிருந்து மீனம்பாக்கம் ஓடுபாதை நேர்க்கோட்டில் ஐந்தாறு கிலோமீட்டர். அங்கிருந்து லண்டன் ஹீத்ரோ 8,200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 200 அடிச் சாலை வருவதற்கு முன்பும், இந்தப் பக்கம் வயலும் ஏரியுமாகக் கிடந்த காலத்திலும் பூமியின் மேல் இந்தத் தூரம் இவ்வளவுதான். நேரம்தான் மாறியது. 1914இல் நான்கு வாரம் பிடித்த வழி இன்று ஏறத்தாழ பதினொரு மணி நேரத்தில் முடிகிறது.

சென்ற பகுதியில், மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஆஞ்சலிஸ் குடும்பத்து ஜாகோமோ, 1910இல் பல்லாவரத்தில் தன் விமானத்தை எழுப்பிப் பார்த்ததைக் கண்டோம். அவர் பறந்ததெல்லாம் ஒரு மைதானத்தின் அளவு. ஓர் ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு, கடல் கடந்து, நாள் குறித்துப் போய்ச் சேரும் பயணமாகப் பறத்தல் மாற இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த மாற்றத்தை எல்லோரும் இன்ஜின் வேகத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால், பயணத்தில் பெரும்பொழுதைத் தின்றது தரைதான் என்று தெரியும். பெட்ரோல் போட இறங்கியது, இருட்டியதும் தங்கியது, ரயிலுக்கு மாறியது, அடுத்த வாரத்துக் கப்பலுக்குக் காத்திருந்தது, அயல்நாட்டு அரசின் அனுமதிக்கு நின்றது. மெட்ராஸ்–லண்டன் வழியின் வரலாறு இந்த நிறுத்தங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்த வரலாறு.

ராமானுஜன் காட்டும் கணக்கு

விமானம் வருவதற்கு முந்தைய நிலவரத்துக்கு நம் ஊரிலேயே தேதியிட்ட சாட்சி இருக்கிறது. மெட்ராஸ் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஸ்ரீநிவாச ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தின் தேதி 1913 ஜனவரி 16. ஹார்டியின் பதில் பிப்ரவரி 8ஆம் தேதியிட்டது. அதைப் படித்துவிட்டு ராமானுஜன் எழுதிய இரண்டாவது கடிதத்தின் தேதி பிப்ரவரி 27. ஆக, இங்கிலாந்திலிருந்து கிளம்பிய கடிதம் மெட்ராஸ் வந்து, படிக்கப்பட்டு, அதற்குப் பதிலும் எழுதி முடிக்கப் பத்தொன்பது நாள்.

அந்தக் கடிதம் வந்த வழி ஒரே வாகனத்தில் அமைந்ததல்ல. ஐரோப்பாவைக் குறுக்கே ரயிலில் கடந்து, இத்தாலியின் துறைமுகத்தில் கப்பலேறி, சூயஸ் கால்வாய் வழியே பம்பாய் வந்து, அங்கிருந்து மெயில் வண்டியில் மெட்ராஸ். தபால் கப்பல் வாரம் ஒன்று. மெட்ராஸிலிருந்து பம்பாய் போகும் ரயிலை ஒரு நாள் தவறவிட்டால் கடிதத்துக்கு ஏழு நாள் தாமதம். வெள்ளைக்காரக் கம்பெனிகளும் அரசு அலுவலகங்களும் ‘மெயில் நாள்’ என்று வாரத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு விளக்கேற்றிய பிறகும் எழுதிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான்.

கடிதத்தை விட ஆள் மெதுவாகப் போனார். ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று மெட்ராஸில் ‘நெவாசா’ கப்பலில் ஏறினார். லண்டன் சேர்ந்தது ஏப்ரல் 14. சரியாக 28 நாள். பம்பாய் போய் ரயில் மாறி அவசரமாகப் போகும் வழி இருந்தும், ஒரே கப்பலில் சுற்றிப் போவதே பலருக்குச் செலவிலும் சிரமத்திலும் குறைவு.

கிராய்டனிலிருந்து கராச்சி வரை

1929 மார்ச் 30 அன்று லண்டனின் கிராய்டன் விமான நிலையத்திலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனியின் இந்தியச் சேவை தொடங்கியது. முடியும் இடம் கராச்சி. வழித்தூரம் 5,000 மைல், பயணம் ஏழு நாள், கட்டணம் 130 பவுண்டு. 5,000 மைல் என்றால் 8,000 கிலோமீட்டர். லண்டனிலிருந்து நேர்க்கோட்டில் மெட்ராஸ் வருவதற்கான தூரத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாக அவர்கள் கராச்சி வருவதற்கே செலவழித்தார்கள்.

ஏன் இவ்வளவு சுற்று? வழியைப் பார்த்தால் புரியும். கிராய்டனிலிருந்து ஸ்விட்சர்லாந்தின் பாசல் வரை விமானம். அங்கே இறங்கி இரவு ரயிலில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியின் ஜெனோவா. ஜெனோவாவில் தண்ணீரில் இறங்கி எழும் படகு விமானம். அதில் மத்தியதரைக் கடலை ஓரம் ஓரமாகத் தொட்டு எகிப்து. எகிப்தில் மூன்று இன்ஜின் கொண்ட ‘ஹெர்குலிஸ்’ விமானத்துக்கு மாறி காஸா, ஈராக் பாலைவனத்தின் ரூட்பா கோட்டை, பாக்தாத், பஸ்ரா, பிறகு பாரசீகக் கரையோரமாக புஷேர், ஜாஸ்க், குவாதர், கடைசியில் கராச்சி. இருட்டிய பின் பறக்க விளக்கும் வானொலி வழிகாட்டலும் போதாத காலம். சூரியன் சாய்ந்ததும் இறங்கி, சாப்பிட்டுத் தூங்கி, விடிந்ததும் கிளம்புவார்கள். ரூட்பா கோட்டையில் பயணிகளுக்கென்று தங்கும் அறைகளே கட்டியிருந்தார்கள். அந்தப் பாலைவனத்தில் விமானி வழி தவறாமலிருக்க, முன்னதாக பிரிட்டிஷ் விமானப் படையின் தபால் விமானங்களுக்காக மணலில் ஏர் உழுததுபோல் நீண்ட சால் கீறி வைத்திருந்தார்கள். அந்தக் கீறலைப் பார்த்துக்கொண்டே பறப்பார்கள்.

இயந்திரம் தந்த நிறுத்தங்கள் இவை. அரசியல் தந்த நிறுத்தங்களும் இருந்தன. இத்தாலியோடு தகராறு முற்றியபோது அதே 1929இலேயே ஐரோப்பியப் பகுதியின் வழி மாறியது. பாரசீகம் தன் கரையோரம் பறக்க அனுமதியை நீட்டிக்க மறுத்ததால் 1932 அக்டோபரில் வழி வளைகுடாவின் தென்கரைக்கு, பஹ்ரைனுக்கும் ஷார்ஜாவுக்கும் மாறியது. ஷார்ஜாவில் விமானப் பயணிகள் இரவு தங்க ஒரு கோட்டை எழுந்தது. அதற்கான வாடகை பேசப்பட்டது அன்று வளைகுடாவில் புழங்கிய இந்திய ரூபாயில். பிற்காலத்தில் நம் தென் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போன ஷார்ஜாவின் விமானக் கதை, லண்டன்–இந்தியா வழியில் ஓர் இரவுத் தங்கலாகத்தான் தொடங்கியது.

கராச்சியிலிருந்து பரங்கிமலை வரை

கராச்சியோடு சேவை நின்றதால் தெற்கே இருந்தவர்களுக்குப் பாதி லாபம்தான். லண்டனிலிருந்து ஏழு நாளில் கராச்சி வந்த கடிதம் பிறகு இந்தியாவின் நீளத்தை ரயிலில் இறங்கி வர வேண்டும். இந்த இடைவெளியைக் கண்டவர் நெவில் வின்சென்ட், பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தவர். அவர் கொண்டுவந்த திட்டத்தை ஜே.ஆர்.டி. டாட்டா ஏற்றார். அரசோடு மூன்று ஆண்டு இழுபறிக்குப் பிறகு கராச்சி–அகமதாபாத்–பம்பாய்–பெல்லாரி–மெட்ராஸ் தபால் சேவைக்கு ஒப்பந்தம் கிடைத்தது.

1932 அக்டோபர் 15, காலை ஆறரை மணி வாக்கில் கராச்சியின் டிரிக் ரோடு மைதானத்திலிருந்து ‘பஸ் மாத்’ என்ற ஒற்றை இன்ஜின் விமானத்தை ஜே.ஆர்.டி.யே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். வயது 28. சுமை, இருபத்தைந்து கிலோ தபால். அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன. பிற்பகல் இரண்டு மணிக்குள் பம்பாயின் ஜுஹு மைதானம். அங்கிருந்து மெட்ராஸுக்கான பையை வின்சென்ட் எடுத்துக்கொண்டார். பெல்லாரியில் இரவு. மறுநாள் பரங்கிமலைக்கு அருகே இருந்த மைதானத்தில் விமானம் இறங்கியது. லண்டன் விமானத் தபால் மெட்ராஸ் மண்ணை வானத்தின் வழியாகவே தொட்டது அன்றுதான்.

கராச்சியிலிருந்து இந்த நான்கு தாவல்களையும் கூட்டினால் சுமார் 2,100 கிலோமீட்டர். பஸ் மாத் மணிக்கு நூறு மைல் போகும் என்று வைத்தால் காற்றில் இருந்தது பதிமூன்று மணி நேரம். ஆனால் கிளம்பிய நாளுக்கு மறுநாள்தான் வந்து சேர்ந்தது. மிச்சமெல்லாம் தரையில் போன பொழுது.

அந்தத் தரையும் லேசுப்பட்டதல்ல. ஜுஹு வெறும் சேற்றுத் திட்டு; மழைக்காலத்தில் தண்ணீருக்குள் போய்விடும். அப்போது பூனாவுக்கு இடம் மாற்றினார்கள். விமானத்தில் வானொலி கிடையாது. ரயில் பாதையையும் ஆற்றையும் பார்த்துத் திசை பிடிக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் முதல் ஆண்டில் 1,60,000 மைல் பறந்து, பத்து டன்னுக்கு மேல் தபாலும் 155 பயணிகளும் ஏற்றி, 60,000 ரூபாய் லாபம் காட்டியது டாட்டா விமானத் தபால். அதன் தபால் பைகள் கிட்டத்தட்ட தவறாமல் குறித்த நேரத்துக்கு வந்தன என்பதே அன்று அதிகாரிகளை வியக்க வைத்த செய்தி.

லண்டனிலிருந்து ஏழு நாள், கராச்சியிலிருந்து இரண்டு நாள். ஹார்டியின் கடிதம் பத்தொன்பது நாளுக்குள் செய்த வேலையை இனி ஒன்பது நாளில் முடிக்கலாம். ஆனால் விமானத் தபாலுக்குத் தனிக் கட்டணம் உண்டு. சேவையும் முதலில் வாரம் ஒரு முறைதான். சாமானியனின் கடிதம் இன்னும் கப்பலில்தான் வந்தது.

அதை மாற்றியது 1938 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த பேரரசு விமானத் தபால் திட்டம். இங்கிலாந்திலிருந்து வரும் முதல் வகுப்புக் கடிதம் எல்லாம், அரை அவுன்ஸுக்கு ஒன்றரைப் பென்னி என்ற ஒரே கட்டணத்தில், கேட்காமலேயே விமானத்தில் ஏறும். சவுத்தாம்ப்டனிலிருந்து புதிய பெரிய படகு விமானங்கள் நேராகக் கராச்சியின் கழிமுகத்துக்கே வந்தன; நடுவில் ரயில் மாற்றம் இல்லை. கராச்சி வரை மூன்று நாள் அளவுதான். டாட்டா வழியும் மெட்ராஸைத் தாண்டித் திருச்சி வழியே கொழும்பு வரை நீண்டது.

லாட வடிவில் ஒரு வழி

இரண்டே ஆண்டில் எல்லாம் தலைகீழ். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வானம் மூடிக்கொண்டது. லண்டனுக்கும் எகிப்துக்கும் இடையே பயணிகள் விமானம் பறக்க வழியில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கமாக மேலேறி கெய்ரோ, அங்கிருந்து கராச்சி, கல்கத்தா வழியே ஆஸ்திரேலியா என்று குதிரை லாட வடிவில் ஒரு வழியை வகுத்தார்கள். இங்கிலாந்துத் தபால் டர்பன் வரை கப்பலில் போய் அங்கே விமானம் ஏற வேண்டும். விமானங்களும் விமானிகளும் அப்படியேதான் இருந்தார்கள். நடுவில் ஒரு கதவு மூடியதும் லண்டன் மெட்ராஸிலிருந்து மீண்டும் பல வாரத் தொலைவுக்குப் போய்விட்டது.

எடையைக் குறைக்க அப்போது ஒரு வித்தை செய்தார்கள். 1941இல் தொடங்கிய ‘ஏர்கிராஃப்’ முறையில் கடிதத்தைச் சிறிய ஃபிலிமில் படமெடுத்து, ஃபிலிமை மட்டும் விமானத்தில் அனுப்பி, போய்ச் சேர்ந்த ஊரில் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஐம்பது பவுண்டு எடையுள்ள 1,600 கடிதங்கள் ஃபிலிமில் ஐந்து அவுன்ஸ். இந்தியாவில் இருந்த படைவீரர்களுக்கும் இது வந்தது.

வேகம் நின்ற ஆண்டு

சுதந்திரத்துக்கு அடுத்த ஆண்டு, 1948 ஜூன் 8 அன்று, ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் ‘மலபார் பிரின்சஸ்’ பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. கான்ஸ்டலேஷன் ரக விமானம்; கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் மட்டும் இறக்கம்; ஜூன் 10 அன்று லண்டன். இரவிலும் பறந்தது என்பதுதான் முக்கியம். வழித் தங்கல் விடுதிகளும் பாலைவனக் கோட்டைகளும் ஒரே அடியில் தேவையற்றுப் போயின. மெட்ராஸ்காரர் ஒருவர் மீனம்பாக்கத்தில் டகோட்டா விமானம் ஏறி பம்பாய் போய், அங்கே மாறி, மூன்றாம் நாள் லண்டனில் இருக்கலாம்.

தபாலுக்கும் அதே கதை உள்நாட்டில் நடந்தது. 1949 ஜனவரி 30 முதல் பம்பாய், கல்கத்தா, டெல்லி, மெட்ராஸ் நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் கிளம்பும் விமானங்கள் நடுஇரவில் நாக்பூரில் கூடித் தபால் பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பின. பறப்பது இருட்டில், கொடுப்பது பகலில் என்று ஆனதும் தூங்கும் நேரமே தபாலுக்குக் கிடைத்த லாபமாயிற்று.

1960இல் ஏர் இந்தியா போயிங் 707 ஜெட்டுகளைக் கொண்டுவந்தது. மணிக்கு 900 கிலோமீட்டரைத் தொடும் வேகம். இந்தத் தொடரின் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இன்று மீனம்பாக்கத்திலிருந்து லண்டன் போகும் போயிங் 787இன் வேகமும் ஏறத்தாழ அதுவேதான். அறுபத்தைந்து ஆண்டுகளில் பயணிகள் விமானத்தின் வேகம் கூடவில்லை. ஆனாலும் பயணம் சுருங்கியது. ஏனென்றால் நிறுத்தங்கள் போயின. 707 பெரும்பாலும் நடுவில் ஓரிடத்திலாவது இறங்கும். சென்னைக்காரர் அதற்கு முன் பம்பாயோ டெல்லியோ போயாக வேண்டும். எரிபொருளைக் குறைவாகக் குடித்து அதிக தூரம் போகும் இன்ஜின்கள் வந்து, பரங்கிமலையை ஒட்டி எழும்பும் விமானம் ஹீத்ரோவில்தான் சக்கரம் வைக்கும் என்று ஆனபோதுதான் நேரம் பாதியாயிற்று. விரைவுப் பேருந்துக்கும் நகரப் பேருந்துக்கும் உள்ள வித்தியாசம் இது. சாலையில் இரண்டும் ஒரே வேகம்தான்.

குறுக்கு வழியும் மூடிய கதவுகளும்

உலக உருண்டை ஒன்று கிடைத்தால் சென்னையிலும் லண்டனிலும் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். தட்டையான வரைபடத்தில் வளைந்து தெரியும் கோடுதான் உண்மையான குறுக்கு வழி. மகாராஷ்டிரம், குஜராத், சிந்து, பலுசிஸ்தான், கிழக்கு ஈரான் என்று வடமேற்காகப் போய் காஸ்பியன் கடலைத் தொடும். பயணத்தின் சரிபாதிப் புள்ளி அந்தக் கடலில்தான், பாகு நகரத்துக்குத் தெற்கே. பிறகு ரஷ்யாவின் தென்மேற்கு மூலை, உக்ரைன், செக் குடியரசு, ஜெர்மனி. முதல் பாதி, அகமதாபாத்தையும் கராச்சியையும் ஒட்டிப் போகிறது. டாட்டாவின் தபால் வழி தற்செயலாக அமைந்ததல்ல என்பதற்கு அதுவே சான்று.

ஆனால் இந்த நூலின் மேல் இன்று யாரும் அப்படியே பறப்பதில்லை. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதும் உக்ரைன் வானம் மூடியது. பிரிட்டிஷ் விமானங்களுக்கு ரஷ்யா தடை விதித்தது. 2019இல் சில மாதங்கள் மூடியிருந்த பாகிஸ்தான் வான்வெளி 2025 ஏப்ரல் முதல் இந்திய விமானங்களுக்கு மீண்டும் மூடப்பட்டது. வட இந்திய நகரங்களிலிருந்து மேற்கே போகும் நம் விமானங்கள் அரபிக்கடல் பக்கமாகச் சுற்றிப் போகின்றன. ஈரான் வானமும் பதற்றம் வரும்போதெல்லாம் மூடித் திறக்கிறது. 1929இல் இத்தாலி, 1932இல் பாரசீகம், 1940இல் மத்தியதரைக் கடல், இன்று இவை. இன்ஜினும் எரிபொருளும் தந்த நிறுத்தங்களை மனிதன் நீக்கிவிட்டான். அரசுகள் தரும் சுற்றுவழி மட்டும் நூறு ஆண்டாகப் பயணச்சீட்டோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.

இதோடு இயற்கையின் பங்கும் உண்டு. மேலடுக்கில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்றோட்டம் லண்டனிலிருந்து வருபவரைத் தள்ளிவிடுகிறது, போகிறவரை எதிர்க்கிறது. அதனால் வரும்போது பத்து மணி நேரம் போல, போகும்போது பதினொன்றை நெருங்கும். கடிகாரத்தை நம்பினால் இன்னும் குழப்பம். லண்டனில் பகல் ஒரு மணிக்கு ஏறியவர் மறுநாள் விடிவதற்கு முன் மூன்றரை மணி வாக்கில் இங்கே இறங்குவார். பதினான்கரை மணி நேரம் போனதாகத் தோன்றும். திரும்பிப் போகும்போது விடியற்காலையில் ஏறினால் அன்று மதியத்துக்குள் லண்டன்; ஆறு மணி நேரத்தில் போய்விட்டதாகத் தோன்றும். கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேர வித்தியாசம் செய்யும் வேலை. கட்டணமும் ‘எத்தனை மணிக்கு இறங்கும்’ என்பதும் மட்டுமே பார்த்துச் சீட்டு வாங்குபவர்கள், ‘மொத்தப் பயண நேரம்’ என்று தனியாக அச்சிட்டிருக்கும் எண்ணையும் பார்ப்பது நல்லது.

அந்த எண்ணைப் பார்த்தால் பழைய விதி இன்றும் செல்லுபடியாவது தெரியும். துபாய், தோஹா, அபுதாபி வழியாக ஓரிடத்தில் இறங்கி மாறிப் போகும் சீட்டில், காற்றில் இருக்கும் நேரம் சற்றே கூடும்; நடுவில் காத்திருக்கும் நேரத்தைச் சேர்த்தால் மொத்தம் பதினைந்தும் ஆகும், இருபதும் ஆகும். 1930களில் ஷார்ஜாக் கோட்டையில் படுத்து எழுந்த பயணியின் பேரன் இன்று அதே வளைகுடாவில் கண்ணாடிக் கூடத்து நாற்காலியில் காத்திருக்கிறான். மலிவான சீட்டின் விலையில் ஒரு பகுதியை அவன் பொழுதாகக் கட்டுகிறான். ஆகவே ‘லண்டன் எவ்வளவு தூரம்?’ என்று கேட்பவருக்கு 8,200 கிலோமீட்டர் என்பது பாதிப் பதில்தான். எத்தனை இடத்தில் நிற்கும், எந்த வானம் திறந்திருக்கிறது என்று சொன்னால்தான் மீதிப் பதில் முழுமையாகும்.

இந்த வழியில் போனவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள், வணிகர்கள், படிக்கப் போனவர்கள். தென் தமிழகத்துச் சாதாரணக் குடும்பங்களுக்கு அன்று வெளிநாடு என்றால் கிழக்கேதான். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏழு நாள் போன ‘ரஜுலா’ கப்பல், 1954இல் மெட்ராஸ் வழியே சிங்கப்பூர் பறக்கத் தொடங்கிய ஏர் இந்தியா, 1985 பிப்ரவரியில் தீப்பிடித்த ‘சிதம்பரம்’ கப்பலோடு முடிந்துபோன கடல் வழி ஆகிய மூன்றையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)